அரசுத் தரப்பு யார் தரப்பு?

தமிழ்நாட்டு ஊழல் வழக்குகளும் நீதிமன்றங்கள் மீதான அவநம்பிக்கையும்

கேள்வி

அமைச்சர் ஒருவர் மீது லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிவு செய்தது என்று செய்தி வந்தால், அவர் குற்றம் செய்தாரா என்று தமிழ்நாட்டில் யாரும் முதலில் கேட்பதில்லை. ‘கேஸ் நிக்குமா?’ என்றுதான் கேட்கிறார்கள். ‘இவங்க ஆட்சி இருக்கிற வரைக்கும் ஓடும், அவங்க வந்தா ஊத்தி மூடிடுவாங்க’ என்ற பதிலும் உடனே வந்துவிடுகிறது. மயிலாப்பூர் மாடவீதிக் கடையிலும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்திலும் கேட்கும் இந்தப் பேச்சை, நீதிமன்றத்தின் மீது மக்களுக்கு நம்பிக்கை போய்விட்டதற்கான சான்றாகவே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு மூன்று விளக்கங்கள் வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. வழக்குகள் இழுபடுவதால் மக்கள் சலித்துவிட்டார்கள் என்பது ஒன்று. நீதிபதிகளையே விலைக்கு வாங்கிவிடலாம் என்ற எண்ணம் பரவிவிட்டது என்பது இன்னொன்று. ஊழலை மக்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, தண்டிக்கப்பட்டவரையே மீண்டும் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது மூன்றாவது.

இம்மூன்றிலும் உண்மையின் ஒரு பகுதி இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன பேச்சின் கூர்மையான பகுதியை இவற்றில் எதுவும் தொடவில்லை. அந்தப் பேச்சு ‘நீதி கிடைக்காது’ என்று பொதுவாகப் புலம்பவில்லை. தேர்தலில் யார் வெல்கிறார்கள் என்பதைப் பொறுத்து வழக்கின் போக்கு மாறும் என்று ஒரு காரணத்தைக் குறிப்பாகச் சுட்டுகிறது. ஆதாரங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கக்கூடிய கூற்று அது. சரிபார்த்தால், அது பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. நோயின் இடத்தைச் சொல்வதில்தான் சற்றுத் தவறுகிறது. மக்கள் நீதிமன்றத்தை நோக்கிச் சொல்லும் குற்றச்சாட்டில் பெரும்பங்கு, நீதிமன்றத்துக்குள் ‘அரசுத் தரப்பு’ என்ற பெயரில் நிற்பவரையே சேர வேண்டும். எஞ்சிய பங்கு, அந்தத் தரப்பு கைமாறுவதைக் கண்ணெதிரே கண்டும் நெடுங்காலம் பேசாதிருந்த நீதிமன்றங்களுடையது.

பெங்களூருக்குப் போன வழக்கு

கதீட்ரல் சாலையின் இரு பக்கமும் தமிழ்நாட்டின் அரை நூற்றாண்டு அரசியல் குடியிருந்தது. ஒரு பக்கம் திமுக தலைவரின் கோபாலபுரம், மறுபக்கம் அதிமுக தலைவர் ஜெயலலிதாவின் போயஸ் தோட்டம். இரண்டுக்கும் நடந்தே போய்வரலாம். அங்கிருந்து தெற்கே கிரீன்வேஸ் சாலையில் அமைச்சர்களின் இல்லங்களும் உயர் நீதிமன்ற நீதிபதிகளின் இல்லங்களும் ஒரே தெருவில் இருக்கின்றன. ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கு பிறந்தது இந்தச் சிறிய வட்டாரத்தில். அதன் விசாரணை முடிந்ததோ 350 கிலோமீட்டர் தள்ளி, பெங்களூரில்.

வழக்கின் தொடக்கத்தை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. ஜெயலலிதா முதல்வராக இருந்த காலத்தில் வருமானத்துக்கு மேல் சொத்துச் சேர்த்தார் என்று 1996 ஜூன் 14 அன்று சென்னை முதன்மை அமர்வு நீதிமன்றத்தில் புகார் கொடுத்தவர் சுப்பிரமணியன் சுவாமி. அந்தச் செப்டம்பரில் லஞ்ச ஒழிப்புத் துறை முதல் தகவல் அறிக்கை பதிந்தது. 1997 ஜூனில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. 1991 ஜூலை 1 முதல் 1996 ஏப்ரல் 30 வரையிலான காலத்தில் சேர்ந்ததாகச் சொல்லப்பட்ட சொத்தின் மதிப்பு 66 கோடி ரூபாய்க்கு மேல். முதல்வராக அவர் பெற்ற சம்பளம் மாதம் 1 ரூபாய். வழக்குப் பதிவானபோது ஆட்சியில் இருந்தது திமுக. 2000 ஆகஸ்டுக்குள் அரசுத் தரப்புச் சாட்சிகள் 250 பேர் விசாரிக்கப்பட்டுவிட்டார்கள். 2001 மே மாதம் ஆட்சி அதிமுகவுக்கு மாறியது.

அதன்பின் நடந்தவற்றை உச்ச நீதிமன்றமே தன் 2003 நவம்பர் 18 தீர்ப்பில் வரிசைப்படுத்தியிருக்கிறது. முன்பே சாட்சியம் சொல்லி முடித்தவர்களில் 76 பேர் மீண்டும் கூண்டுக்கு அழைக்கப்பட்டார்கள். அவர்களில் 64 பேர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். அரசு வழக்கறிஞர் அவர்களைத் திரும்ப அழைப்பதை எதிர்க்கவில்லை. அவர்களைப் பிறழ் சாட்சிகளாக அறிவிக்கும்படி கேட்கவில்லை, குறுக்கு விசாரணை செய்யவில்லை, பொய்ச் சாட்சியத்துக்கு நடவடிக்கையும் கோரவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் நீதிமன்றத்துக்கு நேரில் வந்து பதில் சொல்ல வேண்டிய கட்டத்தில் கேள்விகள் அவருடைய வீட்டுக்கே அனுப்பப்பட்டன. அதற்கும் மறுப்பு எழவில்லை. குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவரும் வழக்கை நடத்தும் அரசின் தலைவரும் ஒருவரே என்ற நிலை அது. அரசு வழக்கறிஞர் குற்றம் சாட்டப்பட்டவரோடு கைகோத்திருப்பதாகத் தோன்றுகிறது என்று சொல்லும் அளவுக்கு உச்ச நீதிமன்றம் போய், வழக்கைக் கர்நாடகத்துக்கு மாற்றியது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2001க்கும் 2003க்கும் இடையில் சென்னைத் தனி நீதிமன்றம் சட்டத்தை மீறியது என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. சாட்சியைத் திரும்ப அழைக்கச் சட்டத்தில் இடமுண்டு, நேரில் ஆஜராவதிலிருந்து விலக்களிக்கவும் இடமுண்டு. எதிர்த்தரப்பு எதிர்க்காத மனுவை நீதிபதி அனுமதிப்பது அன்றாடம் நடப்பதுதான். நம் நீதிமன்றம் இரண்டு தரப்புகள் மோதுவதை நடுவில் இருந்து பார்த்து முடிவெடுக்கும் அமைப்பு. ஒரு தரப்பு மோத மறுத்துவிட்டால் நடுவருக்குப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. வழக்கைக் கெடுக்க நீதிபதியை அணுக வேண்டிய தேவையே இல்லை, அரசு வழக்கறிஞர் பேசாமல் இருந்தால் போதும். இந்தச் சூட்சுமத்தைச் சட்டம் படிக்காத மக்கள் துல்லியமாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். ‘ஆட்சி மாறினால் கேஸ் நிக்காது’ என்பதன் பொருள் இதுதான்.

மூன்று நீதிமன்றங்கள், ஒரு திருமணம்

1995 செப்டம்பர் 7 அன்று ராஜா அண்ணாமலைபுரத்தை ஒட்டிய எம்.ஆர்.சி. நகரில் நடந்த திருமணம் தென்சென்னைக்காரர்களுக்கு இன்றும் நினைவில் இருக்கும். ஜெயலலிதாவின் வளர்ப்பு மகன் சுதாகரனின் திருமணம் அது. ஊரே கண்ட நிகழ்ச்சியின் செலவு என்ன என்பதற்கு வழக்கின் பதிவேடுகளில் மூன்று விடைகள் இருக்கின்றன. அரசுத் தரப்பு சொன்னது சுமார் 6.45 கோடி. பெங்களூர்த் தனி நீதிமன்ற நீதிபதி ஜான் மைக்கேல் குன்ஹா 2014 செப்டம்பர் 27 தீர்ப்பில் ஏற்றது 3 கோடி. கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி சி.ஆர். குமாரசாமி 2015 மே 11 தீர்ப்பில் ஏற்றது 28.68 லட்சம். கட்டடங்களின் மதிப்பிலும் இதே கதை: அரசுத் தரப்பின் 27.79 கோடி, உயர் நீதிமன்றத்தில் 5.10 கோடியாகச் சுருங்கியது.

மதிப்பீட்டில் நீதிபதிகள் வேறுபடுவது இயல்பு. ஆனால் 2015 தீர்ப்பில் மதிப்பீட்டோடு சேராத ஒரு பிழையும் இருந்தது. வங்கிகளில் வாங்கிய பத்துக் கடன்களைப் பட்டியலிட்டு, கூட்டுத்தொகை 24.17 கோடி என்று எழுதியிருந்தது. அதே பட்டியலைக் கூட்டினால் வருவது 10.67 கோடி. பதின்மூன்றரைக் கோடி ரூபாய் கூட்டலில் முளைத்திருந்தது. அந்தத் தொகை வருமானத்தில் சேர்ந்ததால்தான் வருமானத்துக்கு மேற்பட்ட சொத்து 8.12 விழுக்காடு மட்டுமே என்று கணக்கு வந்தது. 10 விழுக்காடு வரை பொருட்படுத்த வேண்டியதில்லை என்று 1977இல் அரசு ஊழியர் ஒருவரின் வழக்கில், சில ஆயிரம் ரூபாய் வேறுபாட்டுக்காகச் சொல்லப்பட்ட சலுகையைச் சார்ந்து அனைவரும் விடுவிக்கப்பட்டார்கள். உயர் நீதிமன்றத்தின் மற்ற எண்களை அப்படியே வைத்துக்கொண்டு இந்தக் கூட்டலை மட்டும் திருத்தினால் விகிதம் 76 விழுக்காட்டைத் தாண்டுகிறது. தீர்ப்பு வெளியான உடனேயே அரசுத் தரப்பின் பி.வி. ஆச்சார்யா இதைச் சுட்டினார். 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து தனி நீதிமன்றத் தீர்ப்பை மீட்டது.

மக்களின் அவநம்பிக்கை இங்கே நீதிமன்றத்தையே நேராகத் தொடுகிறது, அதைப் பூசி மெழுகக் கூடாது. சாட்சியத்தை எடைபோடுவதில் தவறலாம். கூட்டலில் தவறிய ஒரு தீர்ப்பின் பலத்தில் ஒருவர் மீண்டும் முதல்வராகி, 2015 ஜூனில் ராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தலில் நின்று வென்று, அடுத்த ஆண்டுப் பொதுத்தேர்தலையும் வெல்லும்படி ஆனது சாதாரண விஷயம் அல்ல. எனினும், அந்தப் பிழையை வாதத்தின்போதே தடுத்திருக்கக்கூடியவர் யார் என்று கேட்டால் மீண்டும் அதே இடத்துக்குத்தான் வருகிறோம். அந்த மேல்முறையீட்டில் அரசுத் தரப்புக்காக வாதாடிய பவானி சிங்கை நியமித்தது தமிழ்நாடு அரசு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின் கட்சி நடத்திய அரசு. வழக்கு கர்நாடகத்துக்கு மாறிய பிறகு அந்த அதிகாரம் தமிழ்நாட்டுக்குக் கிடையாது, நியமனம் செல்லாது என்று 2015 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. ஆனால் அதற்குள் வாதங்கள் முடிந்துவிட்டன. மறுவிசாரணைக்கு உத்தரவிடவில்லை, எழுத்துமூலம் வாதத்தைத் தரக் கர்நாடகத்துக்கும், வழக்கை மாற்றக் கோரி மனுப்போட்ட திமுகவின் க. அன்பழகனுக்கும் அனுமதி கிடைத்தது, அவ்வளவுதான். சட்டப்படி நியமனம் செல்லாத ஒருவர் மக்கள் சார்பில் பேசிய வழக்கில்தான் அந்தக் கூட்டல் நடந்தது. மாநில எல்லையைத் தாண்டி வழக்கைக் கொண்டுபோன பிறகும் ‘அரசுத் தரப்பு’ என்ற இழை அறுபடாமல் பின்தொடர்ந்தது.

கட்சி மாறியது, முறை மாறவில்லை

இதுவரை சொன்னதை ஒரு கட்சியின் கதையாகப் படிப்பவர்கள் 2023 ஆகஸ்டைப் பார்க்க வேண்டும். அன்றைய திமுக அமைச்சர் க. பொன்முடி மீதான சொத்துக் குவிப்பு வழக்கு விழுப்புரத்தில் நடந்துகொண்டிருந்தது. 2022 ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் நிர்வாகக் குறிப்பு ஒன்றின் மூலம் அது வேலூருக்குப் போனது. 2023 ஜூன் 23 அன்று எதிர்த்தரப்பு எழுத்துமூல வாதத்தைத் தாக்கல் செய்தது. அரசுத் தரப்புச் சாட்சிகள் 172, ஆவணங்கள் 381. ஜூன் 28 அன்று 226 பக்கத் தீர்ப்பு வந்தது, பொன்முடி விடுவிக்கப்பட்டார். தீர்ப்பளித்த நீதிபதி இரண்டு நாளில் பணி ஓய்வு பெற்றார். உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் இதைத் தாமாக முன்வந்து சீராய்வுக்கு எடுத்தார். தொடர்ந்து சாத்தூர் ராமச்சந்திரன், தங்கம் தென்னரசு, ஐ. பெரியசாமி ஆகிய திமுகவினரும் ஓ. பன்னீர்செல்வம், பா. வளர்மதி ஆகிய முன்னாள் அதிமுக அமைச்சர்களும் விடுவிக்கப்பட்ட உத்தரவுகளையும் எடுத்தார்.

இந்த வழக்குகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது தேதிகளே பேசுகின்றன. பன்னீர்செல்வம் மீதான வழக்கு 2006இல் திமுக ஆட்சியில் பிறந்தது, 2012இல் அதிமுக ஆட்சியில் முடிந்தது. தென்னரசு, ராமச்சந்திரன் மீதான வழக்குகள் 2011இல் தொடங்கிய அதிமுக ஆட்சியில் பதிவாயின, 2022 டிசம்பரிலும் 2023 ஜூலையிலும் திமுக ஆட்சியில் முடிந்தன. முடிந்த விதமும் ஒன்றுபோல இருந்தது. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்த அதே லஞ்ச ஒழிப்புத் துறை, ஆட்சி மாறிய பின் ‘மேல் விசாரணை’ என்று தொடங்கி, முன்பு விட்டுப்போன வருமானங்களைக் கண்டெடுத்து, குற்றமில்லை என்று இறுதி அறிக்கை தருகிறது. அதை ஏற்று நீதிமன்றம் விடுவிப்பு மனுவை அனுமதிக்கிறது. சாட்சி யாரும் கூண்டு ஏறவில்லை. 2001க்குப் பின் 64 பேரைப் பிறழ வைக்க வேண்டியிருந்த இடத்தில், இப்போது ஓர் அறிக்கை போதுமானதாகிவிட்டது.

பெரியசாமி விடுவிப்பை 2024 பிப்ரவரியிலும், ராமச்சந்திரன், தென்னரசு விடுவிப்பை அந்த ஆகஸ்டிலும், பன்னீர்செல்வம் விடுவிப்பை அக்டோபரிலும் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அவற்றை எதிர்த்து வழக்குகள் உச்ச நீதிமன்றம் சென்றன. அவர்கள் குற்றம் செய்தார்களா என்பது இக்கட்டுரையின் பொருள் அல்ல. விசாரணையே இல்லாமல் முடிந்த வழக்கில் குற்றவாளி யார், நிரபராதி யார் என்று யாராலும் சொல்ல முடியாது. உண்மையாகவே குற்றமற்ற ஓர் அமைச்சருக்கும் இந்த முறை அநீதிதான் செய்கிறது. தன் கட்சி ஆட்சியில், தன் அரசுக்குக் கட்டுப்பட்ட துறையின் அறிக்கையால் கிடைத்த விடுதலையை ஊரில் ஒருவரும் நம்பப் போவதில்லை.

எதிர்வாதங்கள்

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் வலுவானதை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆட்சிக்கேற்ப நீதிமன்றங்கள் வளைகின்றன என்றால், திமுக ஆட்சியின்போதே 2000 மே மாதம் வண்ணத் தொலைக்காட்சிக் கொள்முதல் ஊழல் வழக்கில் ஜெயலலிதா எப்படி விடுவிக்கப்பட்டார்? அதே ஆட்சியில், அதே ஆண்டு அக்டோபரில் அரசு நிறுவனமான டான்சியின் நில வழக்கில் எப்படித் தண்டிக்கப்பட்டார்? ஐந்து மாதங்களுக்குள் சென்னைத் தனி நீதிமன்றங்கள் இருவேறு முடிவுகளைத் தந்தன என்பது, அங்கே சாட்சியம் எடைபோடப்பட்டது என்பதையே காட்டுகிறது. இதை நான் முழுமையாக ஏற்கிறேன். உண்மையில் என் வாதத்துக்கு இது துணையே செய்கிறது. அரசுத் தரப்பு மனமொப்பி வாதாடிய இடத்தில் நீதிமன்றம் நீதிமன்றமாக இயங்கியது, சில நேரம் அரசுத் தரப்புக்கு எதிராகவும் தீர்ப்பளித்தது. அப்படி வரும் விடுதலையில் யாருக்கும் மனக்குறை இருக்கத் தேவையில்லை. டான்சி வழக்கின் தண்டனையை 2001 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியதையும், 2003இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தபோது அரசு நிலத்தைத் திருப்பித் தருவதை ஜெயலலிதாவின் மனச்சாட்சியிடம் விட்டதையும் இந்த வரிசையில் வைத்தே படிக்க வேண்டும். சட்டத்தின் கண்ணில் நிற்காத குற்றமும் நெறியின் கண்ணில் நிற்கலாம் என்பதை நீதிமன்றமே அங்கே ஒப்புக்கொண்டது.

வழக்கு போடுவதே பழிவாங்கல்தான், ஆட்சி மாறியதும் அது நேராகிறது, அவ்வளவே என்பது இன்னொரு வாதம். சில வழக்குகளில் இது உண்மையாக இருக்கக்கூடும். அப்படியானால் அதை நிறுவ வேண்டிய இடம் விசாரணை மன்றம். பழிவாங்கும் வழக்கை மூடுவதும் உண்மையான வழக்கை மூடுவதும் ஒரே கையால், ஒரே முறையில் நடந்தால், இரண்டையும் பிரித்தறிய மக்களுக்கு வழியே இல்லை.

நீதிபதி தாமாக வழக்கை எடுப்பது அவரையே குற்றம் சாட்டுபவராக்கிவிடும் என்ற அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. சீராய்வு அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்குச் சட்டம் தந்ததுதான். பொன்முடி உச்ச நீதிமன்றம் சென்றபோது, அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு தலையிட மறுத்ததோடு இப்படிப்பட்ட நீதிபதிகள் இருப்பது குறித்து நிறைவும் தெரிவித்தது. இருந்தாலும் ஒரு நீதிபதியின் மன உறுத்தலை நம்பி ஒரு மாநிலத்தின் ஊழல் வழக்குகள் இருப்பது நல்ல நிலை அல்ல. நீதிபதிகளின் பொறுப்புப் பட்டியல் சில மாதங்களுக்கு ஒருமுறை மாறும், உறுத்தல் அடுத்தவருக்கு இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 2012இல் விடுவித்த உத்தரவுகள் 2023 வரை, பதினொரு ஆண்டுகள், யார் கண்ணிலும் படாமல் கிடந்தன. கீழமை நீதிமன்றங்களை மேற்பார்வையிடும் பொறுப்பை அரசியலமைப்பின் 235ஆவது பிரிவு உயர் நீதிமன்றத்திடம் தந்திருக்கிறது. அந்தப் பதினொரு ஆண்டு மௌனத்துக்கு லஞ்ச ஒழிப்புத் துறையைக் குறை சொல்ல முடியாது. விழுப்புரத்திலிருந்து வேலூருக்கு வழக்கை நகர்த்திய குறிப்பும் தலைமைச் செயலகத்திலிருந்து வரவில்லை.

மாநிலத் துறையை விட்டு மத்திய அமைப்புகளிடம் கொடுத்தால் சரியாகிவிடும் என்பவர்களும் உண்டு. 2ஜி அலைக்கற்றை ஊழல் வழக்கு அதற்கு விடை. மத்தியப் புலனாய்வுத் துறை நடத்திய அந்த வழக்கில் 2017 டிசம்பர் 21 அன்று அனைவரையும் விடுவித்த நீதிபதி ஓ.பி. சைனி, ஏற்கத்தக்க ஆதாரத்துக்காக ஏழு ஆண்டுகள் காத்திருந்ததாக எழுதினார். மேல்முறையீட்டை விசாரணைக்கு ஏற்கவே டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு 2024 மார்ச் வரை ஆனது. எஜமானர் மாறினால் போதாது என்பதையே இது காட்டுகிறது.

எதிர்க்கட்சி என்னும் வழக்கறிஞர்

அரசுத் தரப்பு விலகிய இடத்தை யார் நிரப்பினார்கள் என்று பார்த்தால் ஒரு வினோதமான உண்மை தெரிகிறது. சொத்துக் குவிப்பு வழக்கை உயிரோடு வைத்திருந்தவர்கள் புகார்தாரரான அரசியல்வாதி ஒருவரும், எதிர்க்கட்சியின் பொதுச்செயலாளரான அன்பழகனும்தான். அன்பழகன் இடமாற்ற மனு போடாமல் இருந்திருந்தால் வழக்கு சென்னையிலேயே அடங்கியிருக்கும். ஆக, தமிழ்நாட்டில் பொதுமக்களுக்காக வழக்கை நடத்துபவராக எதிர்க்கட்சி மாறிவிட்டது. இதற்கு ஒரு விலை உண்டு. போட்டியாளரின் நலனும் பொதுநலனும் ஒன்றாக இருக்கும் வரைதான் வழக்கு நகரும். இருவரும் சேர்ந்து பேசாமல் இருக்க முடிவு செய்துவிட்டால் கேட்க நாதியில்லை. 2012இன் விடுவிப்புகளைத் திமுகவும், 2023இன் விடுவிப்புகளை அதிமுகவும் மேல்நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்லவில்லை என்பதை வேறு எப்படிப் புரிந்துகொள்வது?

போக்குவரத்துக் கழக வேலைக்குப் பணம் வாங்கியதாக வி. செந்தில் பாலாஜி மீது தொடரப்பட்ட வழக்கு இதன் எல்லையைக் காட்டுகிறது. பணம் கொடுத்தவர்களும் குற்றம் சாட்டப்பட்டவர்களும் சமரசமாகிவிட்டார்கள் என்பதை ஏற்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கை ரத்து செய்தது. ஊழல் இருவருக்கு இடையிலான கொடுக்கல் வாங்கல் தகராறு அல்ல, சமுதாயத்துக்கு எதிரான குற்றம் என்ற அடிப்படையில் 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மீட்டது. பணம் கொடுக்க முடியாததால் வேலை கிடைக்காமல் போன, தகுதியுள்ள இளைஞர் அந்தச் சமரசத்தில் எங்கே இருந்தார் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் உள்ளுறைக் கேள்வி. அவருடைய தரப்பைத்தான் அரசுத் தரப்பு என்கிறோம்.

மாற்று வழிகள் தெரியாதவை அல்ல. சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் மீதான வழக்கை உயர் நீதிமன்ற அனுமதியின்றித் திரும்பப் பெறக் கூடாது என்று 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மேல் விசாரணை என்ற பெயரில் குற்றப்பத்திரிகையையே தலைகீழாக்குவதும் திரும்பப் பெறுவதுதான். அதற்கும் அதே தடை வேண்டும். லோக் ஆயுக்தாவின் காவல் பிரிவை ஓரம்கட்ட 2016இல் கர்நாடக அரசு உருவாக்கிய ஊழல் தடுப்புப் பிரிவை, 2022 ஆகஸ்டில் கர்நாடக உயர் நீதிமன்றம் கலைத்தது. முதல்வருக்குக் கட்டுப்பட்ட துறை முதல்வரின் அமைச்சரவையை விசாரிக்க முடியாது என்ற எளிய உண்மையைப் பக்கத்து மாநிலம் நீதிமன்ற ஆணையாகவே பெற்றுவிட்டது. தமிழ்நாடு 2018இல் லோக் ஆயுக்தா சட்டம் இயற்றிய பின்னும், அமைச்சர்கள் மீதான வழக்குகள் அதே லஞ்ச ஒழிப்புத் துறையிடமும் அரசு நியமிக்கும் வழக்கறிஞர்களிடமும்தான் இருக்கின்றன. பதவிக்காலம் உறுதி செய்யப்பட்ட, ஆட்சி மாறினாலும் மாற்ற முடியாத வழக்கு நடத்தும் அமைப்பு ஒன்று வராத வரை, ‘கேஸ் நிக்குமா’ என்று கேட்பவரை அறியாமை உடையவர் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

2016 டிசம்பர் 5 அன்று ஜெயலலிதா இறந்தார்; இறுதித் தீர்ப்பு வந்தபோது அவர் மீதான மேல்முறையீடு அற்றுப்போயிருந்தது. அவருடன் தண்டிக்கப்பட்ட மற்ற மூவரும் சிறை சென்று தண்டனை முடித்துத் திரும்பினார்கள். வழக்கை நடத்திய செலவைக் கர்நாடகம் தமிழ்நாட்டிடம் கேட்டது. வழக்கில் பறிமுதலாகிப் பெங்களூர்க் கருவூலத்தில் இருந்த 27 கிலோவுக்கு மேற்பட்ட தங்க நகைகளை 2025 பிப்ரவரியில் தனி நீதிமன்றம் தமிழ்நாட்டு அதிகாரிகளிடம் ஒப்படைத்தது. போயஸ் தோட்ட வீட்டில் சோதனை நடந்து 28 ஆண்டுகளுக்குப் பிறகு, பெட்டிகளில் அடுக்கி, காவல்துறைப் பாதுகாப்புடன் அவை சென்னைக்குத் திரும்பின.